இலுப்பைப்பூப் பாகு

“ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை” என்னும் பழமொழியை நாம் பெரும்பாலும் ஏளனமாகவே வழங்கி வருகிறோம். சிறந்தது கிட்டாத இடத்தில் அதற்கு அடுத்தது மதிப்புப் பெறும் என்பதே நாம் கொள்ளும் பொருள். ஆயினும், அம்மொழியை உள்ளவாறே எடுத்துக்கொண்டால், கரும்பில்லாத ஊரிலும் இனிப்பு உண்டு என்னும் செய்தி அதில் அடங்கியிருத்தல் புலனாகும். அவ்வினிப்பை வீட்டிலேயே பாகாகக் காய்ச்சிக்கொள்ளும் முறையையும், அதில் கூட்டு முயற்சிக்குள்ள இடத்தையும் இத்திங்கள் பாடத்தில் ஆராய்வோம்.

பூவின் இயல்பு

ஆவாரம்பூ முதலியவற்றைக் கொண்டு பாகு செய்வோர் வெல்லத்தையோ சர்க்கரையையோ சேர்த்தே ஆகவேண்டும். அப்பூக்கள் நிறமும் மணமும் தருமேயன்றி இனிப்புத் தருவதில்லை. இலுப்பையோ அவ்வாறன்று. அதன் வெளிர்மஞ்சள் நிறமான அல்லிக்குழல் சதைப்பற்று உடையது. நன்கு உலர்ந்த பூவின் எடையில் ஏறத்தாழச் சரிபாதி சர்க்கரையே. ஆகவே வெளிச்சர்க்கரை ஒரு சிட்டிகையும் இன்றிப் பாகு காய்ச்சலாம்.

கோடை தொடங்கும் காலத்தில் இலுப்பை பூக்கிறது. பூக்கள் இரவின் பிற்பகுதியிலும் விடியற்காலையிலும் தாமாகவே உதிர்கின்றன. உதிர்வது அல்லிக்குழல் மட்டுமே; காயாக வேண்டிய சூலகம் கொம்பிலேயே நின்றுவிடுகிறது. எனவே உதிர்ந்த பூவைப் பொறுக்குவதால் இலுப்பெண்ணெய்க்குரிய விதை குறைவதில்லை. உழவர் உரமாக இடும் புண்ணாக்கும் குறைவதில்லை. கிளையை உலுக்கியோ கழியால் அடித்தோ பூவை வீழ்த்தினால் காயும் உடன் கெடும். இரவில் பூவை நாடிவரும் பழந்தின்னி வௌவால்களே மகரந்தம் பரப்புவன ஆதலின், அவற்றை வெருட்டுதலும் கூடாது.

காலமே கண்

இத்தொழிலில் முதற் பகை காலதாமதம். பச்சைப் பூவில் ஈரமும் சர்க்கரையும் மிகுதி. குவித்து வைத்தால் சில மணி நேரத்திலேயே நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். நடு இந்தியாவில் மஹுவா எனப்படும் இவ்வினப் பூவிலிருந்து மது வடித்தல் நெடுநாள் வழக்கம். அதனை ஒடுக்கும் பொருட்டே பம்பாய் மாகாண அரசு 1892-இல் தனிச் சட்டம் இயற்றிப் பூவைச் சேகரிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் கட்டுப்பாடு விதித்தது. உணவாகக் கொண்ட ஏழை எளியோரும் அதனால் அல்லலுற்றனர். ஒரே பூ, ஒரு பகல் தாமதத்தால் உணவென்னும் நிலையினின்று நழுவிவிடக் கூடும் என்பதை நாம் மறத்தலாகாது. காலையில் பொறுக்கிய பூ அன்று நண்பகலுக்குள் அடுப்பேற வேண்டும்; அல்லது வெயிலில் பரப்பப்பட வேண்டும்.

சேகரிக்கும் முறை

தரையிற் கிடக்கும் பூவில் மண்ணும் சாணத்தூளும் ஒட்டிக்கொள்ளும். கழுவக் கழுவச் சர்க்கரையும் நீரோடு கரைந்தோடும். ஆதலால் முதல் நாள் மாலையிலேயே மரத்தடியைப் பெருக்கித் துணி விரித்தல் வேண்டும். தரைக்கு மேலாக வலை கட்டுதல் அதனினும் நன்று. நடு இந்தியக் காடுகளில் சருகை எரித்துவிட்டுப் பூப்பொறுக்கும் பழக்கம் உண்டு. அத்தீ பரவிக் காட்டுக்கே கேடு விளைப்பதும் உண்டு. அப்பகுதிகளில் இப்போது வலை கட்டும் முறை பரவி வருகிறது.

சாலையோர மரத்துப் பூவும், மருந்து தெளித்த வயலை அடுத்த மரத்துப் பூவும் உணவுக்கு ஆகா. காப்புக்காட்டில் வனத்துறையின் இசைவின்றிப் பொறுக்குதல் கூடாது. இலுப்பை என ஐயமற அறிந்த மரத்தின் பூவையே எடுத்தல் வேண்டும். அரளி, ஊமத்தை போன்றவை நஞ்சுடையன. அழகிய பூவெல்லாம் உண்ணத்தக்கதன்று என்பதைச் சிறுவர்க்கும் சொல்லி வைத்தல் நலம்.

காய்ச்சும் முறை

1. பூவின் உள்ளிருக்கும் மகரந்தத் தாள்களை விரலால் நீக்குக. இவற்றை விட்டுவிட்டால் பாகில் கசப்பேறும்.

2. குளிர்ந்த நீரில் ஒருமுறை விரைவாக அலசி வடிக்க.

3. எவர்சில்வர்ப் பாத்திரத்திலோ ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்திலோ இட்டுப் பூ மூழ்கும் அளவே நீர் விட்டு அரைமணி நேரம் வேகவைக்க. இரும்புச் சட்டி ஆகாது. பூவின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து பாகைக் கறுக்கச் செய்யும்.

4. சாயமிடாத காடாத் துணியில் வடிகட்டுக. புதுத் துணியாயின் அதிலுள்ள கஞ்சி முற்றும் நீங்க வெந்நீரில் அலசிய பின்னரே பயன்படுத்துக. கஞ்சி கலந்தால் பாகு கலங்கும். இதனை நெசவாளர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பூவை அழுத்திப் பிழியாமல் தானே வடிய விடுக.

5. வடிநீரை அகன்ற பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, மேலெழும் அழுக்கு நுரையை அவ்வப்போது எடுத்து விடுக. பாகு கெட்டிப்படும்போது தீயைத் தணித்துத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க.

6. குளிர்ந்த தட்டில் இட்ட துளி ஓடாமல் நின்றால் பதம் வந்ததென்று கொள்க. வெப்பமானி உடையோர் 105 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவதைக் கண்டு இறக்கலாம்.

7. கொதிநீரில் வேகவைத்து உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் சூட்டோடு ஊற்றி மூடுக. பின்னர் நுரைத்தாலும் புளித்த வாடை வீசினாலும் கொட்டிவிடுக. மீண்டும் காய்ச்சி விற்றல் அறமன்று.

உலர்ந்த பூவாயின் 1 கிலோவுக்கு 3 லிட்டர் வெந்நீர் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பின் வேகவைக்கலாம். இரவு முழுவதும் ஊறவிட்டால் புளித்துவிடும்.

அளவும் பயனும்

1 கிலோ உலர் பூவில் 500 கிராம் சர்க்கரை எனக் கொள்வோம். நூற்றுக்கு 70 பங்கு சர்க்கரையுள்ள பாகாக அதனைக் காய்ச்சினால் சுமார் 700 கிராம் தேறும். சக்கையில் தங்குவது போக அதனினும் குறைவே கைக்கு வரும். விறகையும் உழைப்பையும் கணக்கிட்டே விலை வகுத்தல் வேண்டும். களிக்கும் கஞ்சிக்கும் தோசைக்கும் இப்பாகு ஏற்றது. பூவிலிருந்து வந்ததாயினும் சர்க்கரை சர்க்கரையே. நீரிழிவு உடையோர் இதனை மருந்தெனக் கருதலாகாது.

சங்கம் செய்யத்தக்கது

2020-இல் மத்திய அரசு உலர்ந்த மஹுவாப் பூவின் குறைந்தபட்ச ஆதரவு விலையைக் கிலோ 17 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்த்தியது. விலை உயர்ந்தும், மண் கலந்த பூவைத் தனித்தனியே விற்பவர் வணிகர் சொன்ன விலைக்கே இணங்க நேரிடுகிறது. ஒரு வீட்டாரால் விடியலில் பொறுக்கி, நண்பகலுக்குள் தாள் நீக்கி, மாலைக்குள் காய்ச்சி முடித்தல் எளிதன்று. பத்து வீட்டார் கூடினால் இயலும். விரிப்பும் பெரும்பாத்திரமும் வெப்பமானியும் பொதுவில் இருக்கலாம். விற்பனை கருதுவோர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெறுதல் வேண்டும். பூவைப் பெருமளவில் சேமிக்குமுன் மதுவிலக்கு அதிகாரிகளிடம் விதிகளைக் கேட்டறிந்து கொள்ளுதலும் முறையாகும்.

இவையனைத்தும் மரம் இருந்தால்தான். இலுப்பை மெல்ல வளர்வது. நட்டவர் பயன்காணப் பல ஆண்டுகள் செல்லும். தனியொருவர் காத்திருக்கத் தயங்கும் காலத்திற்குச் சங்கம் காத்திருக்க இயலும்.

உறுப்பினர் கூட்டத்தில் ஆராய வேண்டியவை

1. நம் ஊர் எல்லையில் எத்தனை இலுப்பை மரங்கள் நிற்கின்றன? அவை எவருடைய பொறுப்பில் உள்ளன?

2. விடியற்காலையில் பூப்பொறுக்க முன்வரும் குடும்பங்கள் எத்தனை?

3. பொதுப் பாத்திரமும் விரிப்பும் வாங்கச் சங்க நிதியில் இடமுண்டா?

4. இவ்வாண்டு மழைக்கு எத்தனை கன்றுகள் நட இயலும்? அவற்றை ஆடுமாடு மேயாமல் காப்பவர் யார்?