மணமக்கள் உடையிணைவு

இக்காலத்து மணவீடுகளிற் புதிதாய்ப் புகுந்த வழக்கங்களுள் ஒன்று, மணமகள் சேலையும் மணமகன் உடையும் ஒரே நிறத்தனவாய் இருத்தல் வேண்டும் என்பது. சேலை கருநீலமாயின் மணமகனுடைய கழுத்துப்பட்டியும் கருநீலம். சேலை பச்சையாயின் அவன் சட்டையும் பச்சை. துணிக்கடைகளில் இருவர்க்கும் உரியவற்றை ஒரே பெட்டியில் அடுக்கி விற்கின்றனர். கடைக்காரர் முதற் பாட்டிமார் ஈறாக அனைவரும் இதனை 'மேச்சிங்' என்றே வழங்குகின்றனர். யான் இதனை உடையிணைவு என்று வழங்குவேன். இவ்விணைவு முன்னர் நம் நாட்டில் எவ்வாறு இருந்தது என்பதனை ஆராயுமாறு என்னைத் தூண்டியது, சென்ற தைத் திங்களிற் செங்கற்பட்டில் எம் வீட்டில் எழுந்த ஒரு வழக்கு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்திற் சென்றால் மாமல்லபுரம் ஒரு மணிநேரத்து வழியாகும். அங்குக் குன்றின் மேற்கு முகத்தில் ஆதிவராகக் குகைக்கோயில் உள்ளது. அதன் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு அரசர்கள் தத்தம் தேவியரோடு செதுக்கப்பட்டுள்ளனர். ஒருவர் அமர்ந்திருக்க, இருமருங்கும் தேவியர் நிற்கின்றனர். மற்றவர் நின்று, ஒரு தேவியின் கையைப் பற்றியவாறே மற்றொரு கையாற் கருவறைப் பக்கம் சுட்டுகின்றார். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் பெயர்கள் மேலே கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. இவர்கள் முதலாம் மகேந்திரவர்மரும் அவர் தந்தையாருமா, அன்றிப் பின்வந்த மன்னரா என்பதில் அறிஞர் ஒருமித்திலர். அவ்வழக்கு நமக்கு ஈண்டு வேண்டா. நாம் நோக்கவேண்டுவது உடையை.

அரசர்க்கும் தேவியர்க்கும் தலையில் நீண்ட முடி உண்டு. காதணியும் கழுத்தணியும் இருபாலார்க்கும் உண்டு. இவற்றால் இவர்கள் ஒரு குடும்பத்தினர் என்பது கண்டவுடன் புலனாகும். ஆயின் உடையோ வேறு. அரசன் அரையிற் கட்டிய கச்சின் முடிச்சும் தொங்கலும் தடித்துத் தெரிகின்றன. தேவியர் ஆடை உடலோடு ஒட்டி, உளதோ இலதோ என ஐயுறுமாறு மெல்லிதாய் உள்ளது. இணைவு அணிகலனில் இருக்கிறது, ஆடையில் இல்லை. அருச்சுனன் தேர் எனப்படும் ஒற்றைக்கற் கோயிலின் புறச்சுவர்களில் நிற்கும் ஆண் பெண் இணைகளை நோக்குவோரும் இதனையே காண்பர்.

இதனினும் வியப்பானது தருமராசன் தேரில் உள்ள அர்த்தநாரி வடிவம். ஆணும் பெண்ணும் ஒரே உடலாய் நிற்கும் அவ்வுருவத்திற்கூடச் சிற்பி இருபாதியையும் ஒன்றுபோல அணிசெய்யவில்லை. ஓர் உடலுக்குள்ளேயே இரண்டு கோலம் பொருந்துமாயின், ஈருடலுக்கு ஒரே கோலம் எதற்கு என்று யான் அங்கு நின்ற என் தோழனிடம் வினவினேன். அவன், "உனக்குக் கல்யாணம் ஆகும்போது பெண்வீட்டாரிடம் இதைச் சொல்" என்றான்.

இச்சிற்பங்கள் கல்லின் நிறத்தோடு இன்று நிற்கின்றன. பல்லவர் கோயில்கள் சுதையும் வண்ணமும் பூசப்பெற்றவை என்பதற்குக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் பனமலையிலும் எஞ்சியுள்ள ஓவியங்கள் சான்று. ஆகலின் அரசனும் தேவியும் எந்நிறத்து ஆடை உடுத்தனர் என்பதனைக் கல்லை மட்டும் கொண்டு துணிதல் இயலாது.

நிற்க. இலக்கியத்தை நோக்குவோம். அகநானூற்றின் 86ஆம் பாட்டு நல்லாவூர் கிழார் பாடியது. பழந்தமிழ் மணவிழாவை விரித்துரைப்பது. அதில் மணமகள் உடுத்த புத்தாடை 'கோடி' எனப்படுகிறது. மணமகன் உடுத்தது யாதென்பது கூறப்படவில்லை. அப்பாட்டினைச் சொல்பவன் மணமகனே ஆதலின், தன்னுடையைத் தான் கூறாது விட்டான் போலும்! சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் ஆடைவகை முப்பத்தாறு என எண்ணிப் பெயர் தந்துள்ளார். துணிவகை இத்துணை மிக்கிருந்த நாட்டில் மணமக்களை ஒரே துணியால் மூடவேண்டும் என்று எவரும் எழுதிவைத்ததாக யான் கற்ற நூல்களிற் காணவில்லை.

கோடி என்னும் அச்சொல் இன்று நம்மிடையே பெரிதும் இறந்தார்க்குப் போர்த்தும் துணியையே குறித்து நிற்பதும், மணத்துணிக்குக் கூறை என்னும் பெயரே நிலைத்ததும் சொல்லாராய்ச்சியாளர் கருதத்தக்கன. மலைநாட்டுச் சிரியக் கிறிஸ்தவரிடத்தில் பழம்பொருள் மாறாது நிற்கிறது. மணமகன் தேவாலயத்தில் மணமகள் தலைமேற் போர்த்தும் சேலைக்கு அவர்கள் மந்திரகோடி என்று பெயரிட்டுள்ளனர். அச்சேலையினின்று உருவிய நூல்களை முறுக்கியே தாலி கோக்கும் வழக்கமும் அவர்களிடத்து உண்டு. தருபவன் மணமகன், உடுப்பவள் மணமகள் என்னும் இவ்வுறவே பண்டை இணைவு என்று எனக்குத் தோன்றுகிறது. கூறை மணமகன் வீட்டிலிருந்து வருவதும் இதுபற்றியே.

தமிழ்க் கிறிஸ்தவராகிய நம்மில் மணமகள் வெண்பட்டும் முக்காடும், மணமகன் கோட்டும் கால்சட்டையும் அணிதல் பெருவழக்கு. வெண்மை மேனாட்டினின்று வந்தது. 1840ஆம் ஆண்டு விக்டோரியா அரசியார் தம் மணத்தில் வெண்பட்டு உடுத்தார். ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளரின் பட்டும், ஹானிட்டன் பின்னலாளரின் பின்னலும் தம் உடையில் இருக்குமாறு செய்தார். அதன் பின்னரே வெள்ளை மணவுடை எங்கும் பரவிற்று. அன்று அவர் கணவர் ஆல்பர்ட் அணிந்ததோ படைத்தலைவர் சீருடை! வெள்ளையைப் பின்பற்றியோர் அரசியார் உள்நாட்டு நெசவாளரை நினைந்த அக்கருத்தைப் பின்பற்றவில்லை. திருமறையிலும் ஏசாயா 61ஆம் அதிகாரம் 10ஆம் வசனம் மணவாளன் அணியையும் மணவாட்டி அணியையும் அடுத்தடுத்து உவமை கூறுகிறது. ஒன்றே இருவர்க்கும் என்று கூறவில்லை.

இனி எம் வீட்டு வழக்கிற்கு வருவேன். எம் தாயார் ஏழாண்டுகட்கு முன் மறைந்தார். அவருடைய மணக்கூறை அரக்கு நிறத்து உடலும் கடுகுமஞ்சட் கரையும் உடைய காஞ்சிப் பட்டு. ஆலய ஆராதனையின் பின் நிகழும் வரவேற்பில் அதனையே உடுப்பேன் என்பது என் தமக்கையின் நெடுநாள் விருப்பம். மணமகன் வீட்டார் நல்லவர், ஆயினும் சம்பந்தியம்மாள், "இப்போதெல்லாம் ஜோடியாகத்தான் எடுக்கிறார்கள், பழைய சேலைக்கு மாப்பிள்ளைக்கு எப்படி மேச்சிங் ஆகும்?" என்று கூறிப் புதிய இணையுடை எடுக்கவேண்டும் என்றார். எம் தந்தையார் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர். மறுத்துரைக்க அஞ்சிக் கடன் வாங்கத் துணிந்தார். தமக்கை ஒன்றும் பேசவில்லை. தாயார் சேலையை எடுத்து மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். அந்நாட்களில் எம் வீட்டில் உணவு வேளையிற்கூடப் பேச்சுக் குறைந்திருந்தது.

கடையில் எடுக்கும் இணையுடையின் இடரை யாம் முன்னரே அறிவோம். என் சிற்றப்பனார் மகளின் நிச்சயதார்த்தத்திற்கு ஒரு கடையில் விளக்கொளியில் ஒத்திருந்த சேலையும் சட்டையும், பந்தலில் வெயில் பட்டவுடன் ஒன்று செந்நீலமாகவும் மற்றொன்று கத்தரிநிறமாகவும் காட்டின. பட்டு ஒளியை வீசும். பருத்தி ஒளியை உண்ணும். ஒரே சாயம் இட்டாலும் இரண்டும் ஒன்றுபோல் தோன்றா. வெவ்வேறு சாயம் இட்டவை ஒரு விளக்கின்கீழ் ஒத்து, மற்றொன்றின்கீழ் வேறுபடும். ஆதலின் இணைப்போர் இரு துணியையும் கடைவாயிலுக்குக் கொண்டுசென்று பகலொளியிற் பார்த்தல் வேண்டும்.

தந்தையாரும் யானும் ஒரு சனிக்கிழமை அரக்கோணம் கிளைவழி இரயிலில் ஏறிக் காஞ்சிபுரம் சென்றோம். அங்குத் தந்தையாரின் பழைய மாணவர் ஒருவர் வழியாக ஒரு நெசவாளப் பெரியவரைக் கண்டோம். காஞ்சிச் சேலையின் சிறப்பு, அதன் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய் இருத்தலே. இடக்கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, வலக்கரைக்கு ஒரு நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். கரைநூலும் உடல்நூலும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கொக்கிபோற் பற்றித் திரும்பும். இதற்குக் கோர்வை என்று பெயர். முந்தானை வேறு நிறமாயின், பாவின் பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய இழையைப் பிணைத்து நெய்வர், அது பேட்னி. இவ்வாறு நெய்த சேலை நைந்தாலும் கரை உடலினின்று பிரியாது என்று பெரியவர் தாயார் சேலையையே இழுத்துக் காட்டினார். (என் தந்தையார் முகத்தை அப்போது யான் பார்க்கவில்லை.)

"புதுச்சேலை எதற்கு, ஐயா? இந்தக் கரைக்கு ஒரு பட்டுவேட்டி போட்டால் போதுமே" என்றார் அவர். வேட்டியின் உடல் சந்தன வெண்மை. கரை மட்டும் சேலைக்கரையின் மஞ்சள். ஒரு வேட்டிக்கென்று தனிப்பாவு பூட்டினாற் கட்டுபடியாகாது. அவர் உறவினர் தறியில் அப்போது வெண்பட்டு வேட்டிப்பாவு ஓடிக்கொண்டிருந்தது. கரைப்பாவு தனியே நிற்பது ஆதலின், அதனை மட்டும் அறுத்து மஞ்சட் சாயமிட்ட இழைகளைப் பிணைத்தால் ஒரு வேட்டி அளவிற்கு நெய்துகொள்ளலாம் என்று வழி கூறினார்.

ஓர் ஐயம் எழுந்தது. சேலையின் வெளிமடிப்பில் மஞ்சள் வெளிறியும், உள்மடிப்பிற் பழைய செழுமையோடும் இருந்தது. எதனை ஒப்பச் சாயமிடுவது? யான் உள்மடிப்பையே காட்டினேன். உண்மை நிறம் அதுவன்றோ என்பது என் எண்ணம். பெரியவர் சிரித்தார். "தம்பி, கட்டினால் வெளியே தெரிவது எதுவோ, அதற்கல்லவா ஒத்துப்போகவேண்டும்?" என்றார். சாயக்காரர் மும்முறை இட்டு உலர்த்திப் பகலொளியிற் பார்த்த பின்னரே நிறம் இசைந்தது. சரிகையும் புதிய மின்னல் இன்றி மங்கலாய் இருக்குமாறு தேர்ந்தனர். சேலைக்கரை ஒரு சாண். வேட்டிக்கரையை இருவிரல் அகலமாகக் குறைத்தனர். ஆடவர் உடையில் அகன்ற கரை கூத்தாடியின் கோலமாய்விடும் என்பது பெரியவர் கருத்து. மேல்வேட்டியும் அதே பாவில் அமைந்தது. பத்துமுழ வேட்டியும் ஆறுமுழ அங்கவஸ்திரமும் ஒரே கரையோடு வரும் பத்தாறு என்னும் பழைய இணை இம்முறையினதே, எட்டுமுழத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

கூலியும் பட்டும் சேர்த்து ஆன தொகை, கடையில் இணையுடைக்குக் கேட்டதில் நாலில் ஒருபங்கிற்கும் குறைவு. கடன் வாங்கவில்லை.

தந்தையார் வேட்டியை எடுத்துச்சென்று சம்பந்தியம்மாள் முன் சேலையோடு சேர்த்து விரித்தார். அவ்வம்மையார் இரு கரையையும் விரலால் தடவிப் பார்த்தபின், "இது உங்கள் வீட்டம்மாளுடையதா?" என்று மட்டும் வினவினார். பின்னர்த் தம் மகனை அழைத்து அளவு பார்க்கச் சொன்னார். தமக்கை அடுக்களைக் கதவின் பின் நின்று அழுதாள் என்று பின்னர் அறிந்தேன்.

வரவேற்பு மாலையில், வந்தோர் பலர் எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டனர். அத்தான் பெங்களூரில் வேலை பார்ப்பவர். வேட்டி கட்டிப் பழகாதவர். ஆதலின் சட்டைக்குள்ளே தோல்வாரை இறுகப் பூட்டிக்கொண்டு, புகைப்படம் எடுத்து முடியும் வரை ஒருமுறையும் கைகளை மேலே தூக்காமலே நின்றார்.