வலைத்தொழில்நுட்பத்தால் அமைந்த மேசைக்கணினிச் செயலிகளின் தரம்: ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நூலின் சிறப்பை அதன் அட்டையழகு கொண்டு அளப்பார் இலர். சொல்லும் பொருளும் பொருந்தி நிற்கும் திறனே நூலுக்குத் தரம் தருகிறது. மென்பொருளுக்கும் இஃது ஒக்கும். இன்று நம் மேசைக்கணினிகளில் இயங்கும் செயலிகள் பல, இணையப் பக்கங்களை ஆக்கும் கருவிகளாலேயே ஆக்கப்படுகின்றன. அவை தரம் குன்றியவை என்பார் ஒரு சாரார். காலத்திற்கு ஏற்றவை என்பார் மறு சாரார். இவ்விரு கூற்றுகளையும் நடுநிலையோடு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் அமைப்பும்

கிட்ஹப் நிறுவனம் 2013ஆம் ஆண்டில், நிரல் எழுதவும் திருத்தவும் உதவும் 'ஆட்டம்' என்னும் செயலிக்காக ஓர் அடித்தளத்தை உருவாக்கிற்று. 'ஆட்டம் ஷெல்' எனப்பட்ட அவ்வடித்தளம் 2015இல் 'எலக்ட்ரான்' எனப் பெயர் பெற்றது. குரோமியம் உலாவியும் நோட்.ஜேஎஸ் என்னும் இயக்கச் சூழலும் இணைந்த கூட்டே எலக்ட்ரான். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றை அறிந்த ஒருவர், ஒரே நிரலைக் கொண்டு விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்று தளங்களுக்கும் செயலி ஆக்க இதனால் வழி பிறந்தது.

குறைகள்

எலக்ட்ரானில் அமைந்த ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒரு முழு உலாவியைச் சுமந்து வருகிறது. விருந்துக்கு வருவோர் ஒவ்வொருவரும் தத்தம் அடுப்பையும் தேக்சாவையும் தூக்கி வருவதனை இஃது ஒக்கும். இத்தகைய செயலிகள் நான்கைந்து ஒருங்கே திறந்திருப்பின், 4 ஜி.பி. நினைவகமே கொண்ட எளிய மாணவரின் கணினி திணறிப்போகிறது. நிரலாளர் மிச்சப்படுத்திய உழைப்பின் விலையைப் பயன்படுத்துவோர் செலுத்த நேர்கிறது எனலாம்.

பாதுகாப்பும் எண்ணத்தக்கது. 2023 செப்டம்பரில், வெப்பி வகைப் படங்களைக் கையாளும் நிரல் தொகுதியில் கடுமையான குறையொன்று கண்டறியப்பட்டது. உலாவியைப் புதுப்பித்தது மட்டும் போதவில்லை. அக்குறையுள்ள உலாவிப் பகுதியைத் தன்னுள் கொண்ட ஒவ்வொரு செயலியும் தனித்தனியே திருத்தப்பட வேண்டியதாயிற்று.

நிறைகள்

தமிழ் 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு, மெய்க்கு முன் தோன்றுகிறது. ஒருங்குறியிலோ அது மெய்க்குப் பின்னரே பதிவாகிறது. அரபு எழுத்தோ சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப வடிவம் மாறுவது. இவ்விரண்டையும் முறையாக அமைத்துக் காட்டும் 'ஹார்ஃப்பஸ்' என்னும் கருவி குரோமியத்தினுள்ளேயே உள்ளது. ஆதலின் தமிழும் அரபும் கலந்த பக்கம் எத்தளத்திலும் ஏறத்தாழ ஒரே செம்மையுடன் தோன்றுகிறது. இரு மொழிகளையும் பயிலும் நமக்கு இது சிறு நன்மையன்று.

கருவியா, கைத்திறனா?

ஆட்டம் செயலியும் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோடும் எலக்ட்ரானையே அடித்தளமாகக் கொண்டவை. முன்னது மந்தமானது என்னும் குறைகூறலுக்கு ஆளாகி, 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பின்னதோ உலகெங்கும் பரவிற்று. அதன் ஆக்குநர், 35 எம்.பி. அளவுள்ள கோப்பொன்று 600 எம்.பி. நினைவகத்தை விழுங்கக் கண்டு, உரையைச் சேமிக்கும் முறையையே மாற்றியமைத்து 2018இல் வெளியிட்டனர்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் மற்றொரு சான்று. 2023இல் அது எலக்ட்ரானை விடுத்து, விண்டோஸுடன் பகிரப்படும் 'வெப்வியூ 2' என்னும் உலாவிப் பகுதிக்கு மாறியது. இருமடங்கு விரைவும் பாதியளவு நினைவகமும் என அந்நிறுவனம் அறிவித்தது. மாறிய பின்னும் அது வலைத்தொழில்நுட்பச் செயலியே என்பது நோக்கத்தக்கது.

2022இல் முதற்பதிப்பு கண்ட 'டவ்ரி'யும் இயங்குதளத்தின் உலாவிப் பகுதியையே பயன்கொள்கிறது. செயலியின் அளவு இதனாற் குறைகிறது. எனினும் தளத்துக்குத் தளம் அப்பகுதி வேறுபடுதலால், ஒவ்வொன்றிலும் சோதித்துப் பார்க்கும் பொறுப்புக் கூடுகிறது.

இவற்றால், தரம் கருவியில் மட்டும் அடங்குவதன்று, ஆக்குவோரின் கவனத்தையும் சார்ந்தது என்பது பெறப்படும்.

முடிவுரை

வீண்விரயம் தவிர்த்தலையும், மேற்கொண்ட பணியைச் செம்மையுறச் செய்தலையும் இஸ்லாம் வலியுறுத்துகிறது. பிறருடைய கணினியின் நினைவகமும் நேரமும் செயலி ஆக்குவோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகும். நாளை மென்பொருள் துறை புகவிருக்கும் நம் மாணவமணிகள், தாம் ஆக்கும் செயலியை விலையுயர்ந்த கணினியில் மட்டும் ஓட்டிப் பார்த்து மகிழாமல், எளியவர் வைத்திருக்கும் பழைய கணினியிலும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். அங்கு அது தடையின்றி இயங்குமாயின், அதுவே தரம் என நாம் துணியலாம்.