96ஆம் கட்டையில் பவுசர் கவிழ்ந்தால்

"96ஆம் கட்டைக்குக் கிட்ட ஒரு பவுசர் பிரண்டு கிடக்குது." திருகோணமலை மாவட்டத்து முள்ளிப்பொத்தானைக்காரருக்கு இது போதும். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தில் அழைப்பை எடுப்பவருக்கு அது போதாது. அவர் இருப்பது வேறு மாவட்டத்தில். கட்டை என்பது பழைய மைல் கணக்கு. இன்று வீதியோரம் நிற்பதோ அம்பேபுஸ்ஸவிலிருந்து எண்ணிவரும் கிலோமீற்றர் கல். இரண்டுக்கும் எண் பொருந்தாது.

ஆகவே விபத்து நடப்பதற்கு முன்பே முதல் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஏ6, ஏ12, ஏ15 வீதிகளில் ஒவ்வோர் இடத்துக்கும் ஊர்ப் பெயர், கட்டை, கிலோமீற்றர் கல் மூன்றையும் எதிரெதிரே எழுதி ஒரு அட்டவணை செய்யுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் இருக்கட்டும். கச்சேரியின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவு இதைத் தயாரித்து, பொலிஸ், தீயணைப்பு, வைத்தியசாலைகள், வீதி அபிவிருத்தி அதிகார சபை, இ.போ.ச. சாலை எல்லாவற்றின் சுவரிலும் ஒட்டலாம். செலவு ஒரு கட்டுத் தாள்தான். இது இல்லாமல் வானொலிக் கருவி வாங்கிக் குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்தது மாற்றுவழி. கண்டி வீதியும் (ஏ6) மட்டக்களப்பு வீதியும் (ஏ15) திருகோணமலை நகரை விட்டுச் சிறிது தூரம் ஒன்றாகப் போய்த்தான் பிரிகின்றன. அந்தத் துண்டில் ஒரு சீமெந்து லொறி குறுக்கே நின்றாலே இரண்டும் செத்துவிடும். அப்போது வெளியே போக அனுராதபுர வீதி (ஏ12) இருக்கிறது: பன்குளம், மொறவெவ, ஹொரவ்பொத்தானை வழி. 2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் அடைபட்டால், மூதூர்ப் பக்கத்துக்கு அல்லை–கந்தளாய் வீதி. சிறிய வாகனங்களுக்குக் கிண்ணியா–தம்பலகாமம் வீதியும் உண்டு. எந்த மதகு எத்தனை தொன் தாங்கும் என்பதை வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்டு முன்கூட்டியே குறித்து வையுங்கள். நெரிசலில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வி இல்லை அது.

கொழும்பிலிருந்து வரும் கனரக வாகனத்தைக் கந்தளாயில் மறித்தால் அது திரும்ப இடமில்லை. ஹபரணையிலேயே சொல்லிவிட வேண்டும். ஹபரணை வேறு மாவட்டம், வேறு மாகாணம். அங்குள்ள பொலிஸ் நிலையத்துக்கு யார் தொலைபேசியில் சொல்வது என்பது பெயரோடு அல்ல, பதவியோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயருக்கு இடமாற்றம் வந்துவிடும். இரவில் வரிசையை அலுத் ஓயாக் காட்டுக்குள் நிற்கவிடாதீர்கள், அது யானை கடக்கும் வீதி. வெளிச்சமுள்ள ஊர்களில் நிறுத்துங்கள்.

இனி விபத்து இடம். உதவிக்கு வந்தவர் சாவது எப்படி என்பதற்கு அகமதாபாத் இஸ்கான் மேம்பாலமே சாட்சி. 2023 யூலை 20 பின்னிரவில் அங்கு நடந்த ஒரு விபத்தைப் பார்க்கவும் உதவவும் கூடியவர்கள்மீது வேகமாக வந்த கார் பாய்ந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள், அவர்களில் பொலிஸ்காரரும் உண்டு. 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் நொடிக்கு 19 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். சாரதி கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கவே இரண்டு நொடி. மழையில் நிற்க இன்னும் தூரம். அதனால் முதல் எச்சரிக்கை அடையாளம் விபத்துக்கு 150 மீற்றருக்கு முன்னால் இருக்கட்டும், வளைவானால் வளைவுக்கும் முன்னால். முதலில் வந்து சேரும் பெரிய வாகனத்தைப் போக்குவரத்து வரும் பக்கத்தில் சரிவாக நிறுத்தி, முன்சக்கரத்தை ஆட்கள் நிற்காத பக்கம் திருப்பிவிடுங்கள். அதுதான் கேடயம். அம்புலன்ஸ் விபத்தைத் தாண்டி நிற்க வேண்டும், ஏற்றியதும் தடையின்றிக் கிளம்பலாம். இரண்டு வாகனங்களின் இடையில் ஒருவரும் நிற்கக் கூடாது. ஒளிரும் மேலங்கி இல்லாதவர், அவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், வீதியோரத்துக்குத்தான்.

கட்டளை ஒருவரிடம். சாதாரண விபத்தில் முதலில் வந்த பொலிஸ் அதிகாரி. எரிபொருள் கசிந்தால் தீயணைப்பு அதிகாரி. சீனக்குடா எண்ணெய்க் குதங்களிலிருந்து பவுசர்கள் வெளியேறும் மாவட்டம் இது, எனவே இந்த வேறுபாட்டை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பவுசரில் 1203 என்ற எண் இருந்தால் பெற்றோல், 1202 டீசல். கசிவானால் சுற்றிலும் 50 மீற்றர் காலி செய்யுங்கள். பெரிய கசிவென்றால் காற்று போகும் திசையில் 300 மீற்றர். தாங்கியில் தீ என்றால் 800 மீற்றர். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, வாய்க்காலிலும் மதகடியிலும் தேங்கும். சீனக்குடாவில் கச்சான் காற்று அடித்தால் அந்த ஆவி துறைமுகப் பக்கம் போகும், வாடையில் தம்பலகாமத்து வயல்களை நோக்கி. பகலில் கடற்காற்று கணக்கை மாற்றலாம், ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்துவிட்டு ஆட்களை நகர்த்துங்கள்.

கானோடு எரிபொருள் அள்ள வருபவர்களைத் தடுக்கத் தனியாக இருவரை நிறுத்துங்கள். பாகிஸ்தானின் அஹமத்பூர் கிழக்கில் 2017 யூன் 25இல் கவிழ்ந்த பவுசரைச் சூழ்ந்து அள்ளியவர்களில் 200க்கு மேற்பட்டோர் தீயில் இறந்தனர். 2022இன் பெற்றோல் வரிசைகளை மறக்காத நமக்கு அந்தக் கூட்டத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

காயப்பட்டவர்களை அனுப்பி, அளந்து, படம் எடுத்ததும் ஒரு வழித்தடத்தையாவது உடனே திறவுங்கள். மறுநாள் ஐந்து விபரம் எழுதுங்கள்: செய்தி வந்த நேரம், முதல் வாகனம் சேர்ந்த நேரம், ஒரு தடம் திறந்த நேரம், முழுதும் திறந்த நேரம், வரிசையின் கடைசி வாகனம் எந்தக் கிலோமீற்றர் கல்லில் நின்றது. அடுத்த முறை எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டியது அந்தக் கல்லுக்கும் அப்பால்.