எம். என். நம்பியாரும் தீயோர் வேடமும்

நாடகமாயினும் சினிமாவாயினும், தலைவன் ஒருவனால் மட்டும் கதை நடவாது. அவன் வெல்லுதற்கு ஒரு பகைவன் வேண்டும்; அப்பகைவன் வெல்லுதற்கு அரியனாய்த் தோன்றுதலும் வேண்டும். இப்பொறுப்பை ஏற்று, தம் குணத்தின் வேறான குணங்களை மெய்யிற் காட்டி நடிப்போரைக் குணசித்திர நடிகர் என்பர். பாட்டும் மாலையும் தலைவனைச் சேர, வசையே இவர்க்குப் பரிசாய் எஞ்சுகின்றது. தமிழ்ப் படவுலகில் இவ்வசையை அரை நூற்றாண்டுக்கு மேல் தாங்கியவர் எம். என். நம்பியார். அவர் கலையின் சிறப்பு யாது என்பதைச் சிறிது ஆராய்வதே எம் நோக்கம்.

நம்பியார் 1919-ஆம் ஆண்டு வடமலையாளத்தின் கண்ணனூர்ப் பகுதியிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, உதகமண்டலத்தில் உறவினரிடம் வளர்ந்தார். 13-ஆம் வயதில் மதுரை தேவி பால விநோத சங்கீத சபையிற் சேர்ந்தார். அச்சபையை நடத்தியவர் நவாப் இராஜமாணிக்கம் அவர்கள். இராமதாஸ் நாடகத்தில் நவாபாக நடித்ததால் அப்பட்டம் அவர்க்கு வாய்த்தது. ஏசுநாதர் வரலாற்றையும் நாடகமாக்கி மேடையேற்றியவர் அவரே என்பதை நம் கல்லூரி அன்பர்கள் அறிந்து மகிழ்வார்களாக. அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களே அரசனும் அரசியும் சேவகனுமாக மாறி மாறி வேடம் பூணுவர். உரையாடல் முழுவதையும் நெட்டுருச் செய்வர். கடைசி வரிசையில் இருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழுமாறு பேசப் பழகுவர். மலையாளம் தாய்மொழியான சிறுவர் தமிழ்ச் சொல்லின் அழுத்தத்தையும் இழைவையும் கற்றது இங்கேதான். (ழகரம் மட்டும் அவர்க்குத் தாய்மொழியே தந்த செல்வம்!) 1935-இல் வெளிவந்த 'பக்த இராமதாஸ்' அவர்தம் முதற்படம். அதில் அவர் ஏற்றது நகைச்சுவை வேடம் என்பது பின்னாளில் அவரைக் கண்டு நடுங்கியவர்களுக்கு வியப்பாயிருக்கும்.

சேலம் நகரிலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், சேர்வராயன் மலையடிவாரத்தை நெருங்குமிடத்தே எம்மூராகிய கொண்டப்பநாயக்கன்பட்டி உள்ளது. அச்சாலையிலேதான் திருச்செங்கோட்டினரான டி. ஆர். சுந்தரம் அவர்கள் 1930-களில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படத்தொழிற் கூடத்தை நிறுவினார். இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில் பயின்று திரும்பிய அவர், ஆலையில் நூல் நூற்கும் ஒழுங்கோடு படங்களை எடுத்தார் என்று சொல்வது மிகையாகாது. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938) அங்கு உருவானதே. இன்று தளங்கள் மறைந்து வீடுகள் எழுந்துவிட்டன. முகப்பு வளைவு மட்டும் நிற்கின்றது. 1950-ஆம் ஆண்டு அவ்வளைவினுள்ளே நம்பியார் செய்த இரண்டு வேடங்களே அவர் திறமையை நிறுவின என்பது எம் துணிபு.

முதலாவது 'மந்திரிகுமாரி'. மூலநூல் மறைந்துபோய், நீலகேசி உரையால் நாம் அறிகின்ற குண்டலகேசியின் கதையைத் தழுவி, மு. கருணாநிதி அவர்கள் எழுதியது. அதில் நம்பியார் இராஜகுரு. தம் மகனைச் சேனாபதியாக்க விழைந்து, அது கைகூடாமையால் சூழ்ச்சி செய்யும் வேடம். வயதுவந்த மகனுக்குத் தந்தையாக நடித்தபோது அவர்க்கு அகவை 31-தான்! தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். உள்ளத்து நிகழ்வது உடலில் தோன்றுவதே மெய்ப்பாடு. தலைவனாக நடிப்பவர்க்கு இது நேரான வழி: வெகுளி உண்டாயின் வெகுளியைக் காட்டலாம். சூழ்ச்சியாளன் வேடத்துக்கோ வழி இரண்டாகப் பிரிகின்றது. உள்ளே வெகுளி, அரசன் முன்னே பணிவு. அரசனுக்குப் பணிவு மட்டும் தெரிய வேண்டும். கொட்டகையில் இருப்போர்க்கு அதனடியிலுள்ள வெகுளியும் தெரிய வேண்டும். சிறிது மிகுந்தால் அரசன் மூடனாவான். சிறிது குறைந்தால் நாம் ஏமாறுவோம். நம்பியார் இதனைக் குரலாலும் கண்ணாலும் பிரித்துக்கொண்டார். குரல் அரசனுக்கு, கண் நமக்கு. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தில் இயாகோவாக வருவோர்க்கும் இதுவே சோதனை. ஆயினும் இயாகோ தன் உள்ளத்தைத் தனிமொழியால் நமக்குத் திறந்து கூறிவிடுகின்றான்; கண்ணால் மட்டும் கூறுவது அதனினும் கடினம் அன்றோ?

இரண்டாவது 'திகம்பர சாமியார்'. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைப் படமாக்கியவர் சுந்தரம். இங்கே நம்பியார் தலைமை வேடத்தில், குற்றத்தைத் துப்பறிபவராக, 11 மாறுவேடங்களில் தோன்றினார். இதற்கு முந்திய ஆண்டில்தான் இங்கிலாந்தின் குணசித்திர நடிகர் அலெக் கின்னஸ் ஒரே படத்தில் ஒரு குடும்பத்தின் எட்டு உறுப்பினராக நடித்துப் புகழ்பெற்றார். இரண்டையும் ஒன்றென எண்ணுதல் தவறு. கின்னஸ் காட்டியவர் எட்டு வேறு மனிதர்; ஒருவரில் மற்றவர் சாயல் தோன்றலாகாது. நம்பியார் காட்டியது ஒரே மனிதனின் 11 போர்வைகள். கதையிலுள்ள கள்வர் அவரை அறியலாகாது. நாமோ ஒவ்வொரு முறையும் அறிந்து மகிழ வேண்டும். இராஜகுருவுக்குக் கூறிய இரட்டை வழியே இங்கும். நோக்கம் மட்டும் தீமையினின்று நன்மைக்கு மாறியது.

பிற்காலப் படங்கள் பலப்பல. மாடர்ன் தியேட்டர்ஸார் அமெரிக்கருடன் கூடித் தயாரித்த 'தி ஜங்கிள்' (1952) என்னும் ஆங்கிலப் படத்திலும் அவர் நடித்தார். 'மிஸ்ஸியம்மா'வில் (1955) டேவிட் என்னும் பெயரோடு, கடன் கொடுத்துப் பெண்ணைத் துன்புறுத்துபவராக வருகின்றார். கிறித்தவராகிய எமக்கு அப்பெயர் சற்றே உறுத்தினும், நடிப்பைக் குறைகூற இடமில்லை. 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) அவர் சவுக்கெடுத்த காட்சியில் எம்மூர்ப் பாட்டிமார் மண்ணை வாரித் தூற்றியதாக இன்றும் கூறுவர். ஒன்று சொல்லவேண்டும். அக்காலப் படங்களில் கையைப் பிசைதலும் விழியை உருட்டுதலும் வழக்கமாய் உறைந்துவிட்டன. ரசிகர் அவற்றையே விரும்பினர். முதலாளிகளும் அவற்றையே கேட்டனர். இராஜகுருவின் நுண்மையை அவற்றில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பழி நடிகரைச் சாராது என்பதே எம் கருத்து.

மற்றொரு செய்தி நினைக்கத்தக்கது. 1949-இல் வந்த 'வேலைக்காரி'யில் அவர் போலிச் சாமியார். மறு ஆண்டில் கெட்ட குருவும் நல்ல சாமியாரும். திரைக்கு வெளியிலோ அவர் புலாலும் மதுவும் நீக்கி, 1942 முதல் சபரிமலைக்குச் சென்று, எண்ணற்றவரை வழிநடத்தி, மகாகுருசாமி என்று வணங்கப்பெற்றவர். வேடத்தை ஆளென்று மயங்கி வைதவர்கள் அவர் நடிப்புக்கு நற்சான்று வழங்கினார்கள் என்க. ஆனால், அம்மயக்கத்தால் அவர்க்கு நல்லோர் வேடங்கள் நெடுநாள் அரியவாயின. 1982-இல் 'தூறல் நின்னு போச்சு' என்னும் படத்தில் கே. பாக்கியராஜ் அவரை நல்லுள்ளம் படைத்த பயில்வானாக்கினார். கண்டு நடுங்கியவர்களே அப்போது கண்டு சிரித்தனர். 63 வயதில், தொடங்கிய நகைச்சுவைக்கே அவர் மீண்டார்.

2008 நவம்பர் 19-ஆம் நாள் சென்னையில் நம்பியார் காலமானார். ஐயப்ப அன்பர் மாலையணியும் கார்த்திகைத் திங்கள் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன.