நொய்யலுக்கு மூன்று பூச்சு

ஆறு வரையச் சொன்னால் நம்ம கை நேராக நீலத்துக்குத்தான் போகும். வெள்ளியங்கிரியில் பிறந்து, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் நொய்யலுக்கு அது போதாது. மூன்று பூச்சு வேண்டும்.

முதல் பூச்சு, நிறையத் தண்ணீர் விட்ட வெளிர் மஞ்சள். இது மணல். வெயில் மின்னும் இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விடுங்கள். வாட்டர் கலரில் அது திரும்பக் கிடைக்காது.

நன்றாகக் காய்ந்த பின் மெல்லிய நீலம். மஞ்சள் மேல் பச்சையாகத் தெரியும். இது என் அம்மாயி குளித்த ஆறு.

மூன்றாவது, சாயச் சிவப்பு. பச்சை மேல் பட்டால் பழுப்பாகும். ஈரத்தில் வைத்தால் எல்லாம் கலங்கிவிடும். சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா சொன்னார்: "வெளிர் மேல அடர் ஏறும் கண்ணு, அடர் மேல வெளிர் ஏறாது." அதனால் கரையோரம் கொஞ்சமாக மட்டும்.

அதை வைக்கும்போது என் கை தயங்கியது. ஆற்றைக் கெடுத்தது சாயம். எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு ஃபீஸ் கட்டியதும் சாயம்தான். 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடியபோது அப்பாவுக்கு வேலையே இல்லையாம்.

ஆகவே சிவப்பை விட்டுவிடாதீர்கள். அடிப்பூச்சை முழுசாக மறைத்தும் விடாதீர்கள். அம்மாயியின் ஆறு அடியில் தெரியட்டும்!