மழைத் தண்ணிக்கே முதல் செலவு

அன்பு அம்மிணி,

நீ அனுப்பின போட்டோக்களை உன் பெரியம்மாவும் நானும் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தோம். வெள்ளி நிறம், கருப்புத் துணிக்கூரை, ரெண்டே சீட்டு, 2001-ஆம் வருஷத்து மாஸ்டா எம்எக்ஸ்-5. பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "நாம போனா நம்மளை எங்கே உக்கார வெப்பா?" என்பதுதான். உங்கப்பன் பொள்ளாச்சியிலிருந்து அன்னிக்கு ராத்திரியே கூப்பிட்டுவிட்டான். "ஏண்ணா, கூரையில்லாத காரைப் போய் வாங்கியிருக்காளே, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா" என்று ஒரே புலம்பல். கூரை இருக்குதடா, வெயில் வந்தால் மடக்கிக்குவா என்று சொல்லித் தூங்கவைத்தேன்.

அவன் கவலை வேறு, என் கவலை வேறு. கையில் 1,500 பவுண்டு மிச்சம் இருக்கிறது, காரைப் புதுசாக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சரி. அதற்குக் கீழேயே பதினேழு இஞ்ச் கருப்பு வீல் படம் ஒன்றையும் ஒட்டி, பக்கத்தில் மூன்று நெருப்புப் பொம்மை போட்டிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூணாங்கிளாஸில் சைக்கிள் வாங்கித் தந்தபோது பிரேக்கைப் பார்க்காமல் மணியை மட்டும் பத்துத் தடவை அடித்துப் பார்த்தவள்தானே நீ.

கார் நல்ல கார், அதில் சந்தேகமே வேண்டாம். பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களைப் போல எளிசாக, லேசாக ஒன்றை இப்போது யாருமே செய்வதில்லையே என்று பாப் ஹால் என்கிற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் மாஸ்டாவில் சொல்லிவைத்தார். அந்தப் பேச்சில் முளைத்த வண்டி இது. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஷோவில் முதன்முதலாகக் காட்டினார்கள். 2016-இல் ஹிரோஷிமாவில் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. உலகத்திலேயே அதிகம் விற்ற ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். இதையெல்லாம் நீ பெருமை அடித்துக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. இத்தனை கார் ஓடுவதால்தான் உதிரிபாகம் இந்த நாட்டில் எங்கேயும் கிடைக்கிறது, விலையும் கையைக் கடிக்காது. கொஞ்சக் காசில் பழைய கார் ஓட்ட நினைக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது. உன்னுடையது ரெண்டாவது தலைமுறை. முதல் தலைமுறையில் பின் ஜன்னல் பிளாஸ்டிக், மஞ்சளடித்துக் கீறல் விழுந்துபோகும். உனக்குக் கண்ணாடி, அதற்குள்ளே ஹீட்டர் கம்பியும் உண்டு.

இந்தக் காரைக் கொல்வது இன்ஜின் கோளாறு இல்லை, துரு. முப்பது வருஷத்துக்கு மேல் பர்மிங்காம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் நின்றவன் சொல்கிறேன், இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்பு இற்றுப்போய் உடைக்கப் போன எம்எக்ஸ்-5 எத்தனையோ. அதிலும் நீ இருப்பது ஷெஃபீல்டு. குளிர்காலம் பூரா ரோட்டில் உப்பு. ஆகவே முதல் காசு மழைத் தண்ணி போகிற வழிக்குத்தான்.

மடக்கின கூரை உட்காருகிற இடத்தில், சீட்டுக்குப் பின்னால், குறுக்கே ஒரு பிளாஸ்டிக் வாரி இருக்கும். கூரையில் விழுகிற மழை அதில் இறங்கி, ரெண்டு ஓரத்துக்கும் ஓடி, சீட்பெல்ட் தூணுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிற துளையில் விழும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கி, பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தரையில் சொட்டும். மரத்தடியில் நிறுத்தின காரில் அந்தத் துளையை இலைத்தூளும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். அடைத்ததும் தண்ணி எங்கே போகும்? ஒன்று உள்ளே வந்து கார்பெட்டுக்கு அடியில் தேங்கும், இல்லையென்றால் கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டிச் சட்டத்துக்குள் இறங்கும். அதை இங்கே 'சில்' என்பார்கள். வெளியே பெயின்ட் மினுமினுவென்று இருக்க, உள்ளே அது பிஸ்கோத்தாய் உதிர்ந்துகொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கூரையைப் பாதி தூக்கி நிறுத்திக்கொள். டார்ச் அடித்துத் துளையைக் கண்டுபிடி. மேலே கிடக்கிற குப்பையை விரலால் எடு. அப்புறம் புல் வெட்டுகிற ஸ்ட்ரிம்மருக்குப் போடுகிற நைலான் நரம்பு ஒரு முழம் வாங்கி, மெதுவாக உள்ளே விட்டுச் சுழற்று. கம்பி மட்டும் விடாதே, குழாய் கிழிந்தால் தண்ணி நேரே சில்லுக்குள்தான் போகும். பிறகு ஒரு டம்ளர் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஊற்றின அளவுக்குக் கீழே வருகிறதா என்று குனிந்து பார். வருஷத்துக்கு ரெண்டு தடவை, இலை உதிர்ந்து முடிந்ததும் ஒன்று, குளிர் போனதும் ஒன்று. நம்ம ஓட்டு வீட்டில் ஆடி மழைக்கு முன்னால் உன் தாத்தா ஏணி போட்டு ஏறி, ரெண்டு கூரை சேருகிற தகரத்தில் கிடக்கிற வேப்பிலையை வழித்துப் போடுவார். உன் பாட்டி எத்தனை திட்டினாலும் ஆளை விட்டு ஏறச் சொல்ல மாட்டார். அந்த வீட்டுச் சுவரில் அவர் இருந்தவரைக்கும் ஓதம் கண்டதில்லை. இதுவும் அதே வேலைதான், ஏணிகூட வேண்டியதில்லை.

பிறகு காரை லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்க்கச் சொல்லு. ரெண்டு பக்க சில், பின்சக்கர வளைவு, அதோடு முன்பக்கம் இன்ஜினுக்கு ரெண்டு புறமும் நீளுகிற சேஸி சட்டம். உன் தலைமுறைக் காருக்கு அந்த முன் சட்டம்தான் ரொம்பப் பலவீனம், ரெட்டைத் தகடாக இருப்பதால் நடுவில் ஈரம் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். எம்.ஓ.டி. என்கிற வருஷாந்திரப் பரிசோதனையின் பழைய ரிப்போர்ட்டுகளை, கார் நம்பர் போட்டாலே இன்டர்நெட்டில் காசில்லாமல் காட்டும். பாஸா ஃபெயிலா என்று மட்டும் பார்த்திருப்பாய். கீழே சின்ன எழுத்தில் எச்சரிக்கை எழுதியிருப்பார்கள், அதை வருஷவாரியாகப் படி. ஒரே இடத்துத் துருவை மூணு வருஷம் தொடர்ந்து குறித்திருந்தால் அங்கே வெல்டிங் காத்திருக்கிறது என்று அர்த்தம். சட்டம் நல்லதாக இருந்தால், வெயில் காலத்தில் உலர்ந்த நாளாகப் பார்த்து, உள்ளறைகளுக்கு மெழுகு அடித்துவிடச் சொல். உன் பணத்தில் ஒரு நல்ல பங்கு இதற்கே போகும். போகட்டும்.

கூரையைப் பற்றி ஒரே கண்டிப்பு. நனைந்த கூரையை மடக்கி வைக்காதே, உறைபனி நாளில் மடக்கவே மடக்காதே. ஈரத்தோடு மடக்கினால் மடிப்பில் பூசணம் பிடிக்கும், குளிரில் விறைத்த துணி மடிப்பில் விண்டுவிடும். வெயில் எட்டிப் பார்த்ததும் ஆபீஸ் வாசலில் உனக்குக் கை பரபரக்கும், தெரியும். பத்து நிமிஷம் காயவிடு. கழுவும்போது மெத்தென்ற பிரஷ்ஷும் வெதுவெதுப்பான தண்ணியும் போதும். பிரஷர் வாஷரை அதன் பக்கம் கொண்டுபோகாதே, பெரிய பிரஷ் சுழலுகிற கார் வாஷுக்குள்ளும் விடாதே. புதுக் கூரை பல நூறு பவுண்டு சமாச்சாரம் சாமி.

அடுத்து டயர். பக்கவாட்டில் டாட் என்கிற எழுத்துக்குப் பின்னால் கடைசியாக நாலு இலக்கம் இருக்கும். 2312 என்றால் 2012-ஆம் வருஷத்து இருபத்து மூணாவது வாரம் செய்தது. இந்த மாதிரிக் கார்கள் கொஞ்சமாகத்தான் ஓடுகின்றன, அதனால் தடம் தேயாமலே டயருக்கு வயசாகிவிடும். ரப்பர் கட்டை மாதிரி இறுகியிருக்கும். உன் கார் பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, எடையும் ஒரு டன்னை ஒட்டித்தான். நனைந்த ரவுண்டானாவில் இறுகின டயரோடு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்புறம் நழுவும். நாலும் ஒரே கம்பெனி, ஒரே ரகம், கம்பெனி போட்ட அளவிலேயே வாங்கு. அந்த பதினேழு இஞ்ச் வீலை மறந்துவிடு கண்ணு. வீல் பெரிசானால் கனம் கூடும், ஸ்டியரிங்கில் இருக்கிற அந்தத் துல்லியம் போய்விடும், குண்டும் குழியும் முதுகெலும்பில் தெரியும். அதோடு வீலை மாற்றினால் இன்ஷூரன்ஸ்காரர்களிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டு, நாளைக்கு ஒன்று ஆனால் பணம் தர மறுப்பார்கள்.

டயர் போட்ட கையோடு நாலு வீல் அலைன்மென்ட் பண்ணு. முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிற கடையாக இருந்தால் வேறு கடைக்குப் போ. இந்தக் காரில் நாலு மூலையிலும் கோணத்தைத் திருத்தலாம், அதற்கு போல்ட் வைத்துச் செய்திருக்கிறார்கள். வயசான காரில் அந்த போல்ட்டுகள் துருவேறிச் சிக்கிக்கொண்டிருக்கும். ரெண்டு நாள் முன்னதாகவே எண்ணெய் அடித்து ஊறவைத்துக் கொண்டுபோனால் மெக்கானிக் உன்னைக் கும்பிடுவார். பெரிய மாற்றம் எதையும் செய்யாமலே இது வேறு கார் மாதிரி ஓடும், நீயே போன் பண்ணிச் சொல்வாய்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில் இருக்கிறதா? 'மாத்தியாச்சு' என்று விற்றவர் வாயால் சொன்னது கணக்கில்லை. 60,000 மைலுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. பில் இல்லையென்றால் மாற்றாத மாதிரியே வைத்துக்கொள். வாட்டர் பம்பைக் கழற்றுவதற்கும் இதே பெல்ட்டைத்தான் பிரிக்க வேண்டும், பிரித்ததோடு பிரித்தபடி அதையும் மாற்றிவிடு, கூலி ஒன்றுதான். பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. பின் காலிப்பர் சிக்கிக்கொள்வது இதில் வழக்கம், அதைக் கழற்றிச் சுத்தம் பண்ணிக் கிரீஸ் போடச் சொல். பேட்டரி டிக்கியில் இருக்கிறது. மாற்றும்போது வாயு வெளியே போகிற குழாய் மாட்டுகிற பேட்டரியாகக் கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் ஆசிட் ஆவி டிக்கித் தகட்டைத் தின்றுவிடும்.

இவ்வளவும் போக ஏதாவது மிச்சம் இருந்தால், உனக்கென்று ஒரு சந்தோஷம் வேண்டாமா? கியர் லீவருக்கு அடியில் ஒரு ரப்பர் உறை இருக்கிறது. இருபது வருஷத்தில் கிழிந்து, இன்ஜின் சூடும் சத்தமும் கால்மாட்டுக்கு வரும். லீவரின் முட்டிக்கென்று தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு, அதுவும் வற்றியிருக்கும். உறையை மாற்றி எண்ணெய் ஊற்று. ரொம்பச் சின்னச் செலவு. கியர் போடும்போது மணிக்கட்டு மட்டும் அசைந்தால் போதும் என்கிற அந்தச் சுகம் திரும்பி வரும். பாட்டுப்பெட்டி, சீட் உறை எல்லாம் அடுத்த வருஷம் போனஸ் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

லண்டனுக்கு உன் சிநேகிதியைப் பார்க்கப் போவதாக இருந்தால், கிளம்புமுன் யூலெஸ் என்கிற புகைக் கட்டுப்பாட்டு வளையத்தின் இணையப் பக்கத்தில் நம்பரைப் போட்டுப் பார். 2023 ஆகஸ்டிலிருந்து ஊர் முழுக்க அந்த வளையம்தான், புகைக் கணக்கில் தேறாத காருக்கு நாளுக்கு 12.50 பவுண்டு.

ஒரு நோட்டு போடு அம்மிணி. தேதி, மைல், என்ன செய்தது, எவ்வளவு ஆனது, பில்லை அங்கேயே ஒட்டு. போனில் எழுதிவைக்கிறேன் என்பாய், போனை நீ ரெண்டு வருஷத்துக்கு ஒன்று மாற்றுகிறவள். காலேஜில் நீ எழுதின நோட்டுகளின் அழகு எனக்குத் தெரியும், அதில் பாதி அக்கறை போதும். நாளைக்கு நீ விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் புரட்டுவது அதைத்தான்.

வெயில் நாளில் ஸ்நேக் பாஸ் மலைச்சாலைப் பக்கம் கூரையைத் திறந்துபோட்டுப் போ, தடுக்க மாட்டேன். உச்சியில் குளிரும், கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். பெரியம்மாவை முதலில் கூட்டிப்போ, நான் அடுத்த சுற்றில் வருகிறேன்.

இன்னொன்று. நீயே கையை அழுக்காக்கி வேலை செய்வதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஆனால் இதில் விளையாட்டே கூடாது. ஸ்டாண்டு வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி, காருக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டாதே. ஸ்டாண்டு இல்லையென்றால் சொல், இந்த வாரமே என்னுடையதை அனுப்பிவைக்கிறேன்.

பிரியமுள்ள,
பெரியப்பா