அலைகளைப் பகுத்தறிதல்

நுழையும்முன்

வீணையின் நாதமும் மிருதங்கத்தின் முழக்கமும் காற்றில் ஒன்றாகக் கலந்தே வருகின்றன. எனினும், செவி அவற்றை வேறுவேறாக உணர்கிறது. கலந்து வந்ததைப் பகுத்துக் காணும் இவ்வாற்றலைக் கணிதம் பெற்ற விதத்தையும், இதயத்தை ஆராயும் மருத்துவர்க்கு அது துணைநிற்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

வெப்பத்தில் பிறந்த கணிதம்

ஜோசப் ஃபூரியர் 1768ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஓசேர் நகரில் தையற்கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். திண்பொருள்களில் வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்த அவர், சிக்கலான வளைவுகளையும் எளிய சைன், கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்னும் கருத்தை 1807இல் பாரிசு அறிஞர் அவையின்முன் வைத்தார். லக்ராஞ்சு முதலிய கணித மேதைகள் அதனை ஏற்கவில்லை. ஃபூரியர் தளராமல் ஆய்வைத் தொடர்ந்து, 1822இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

அக்கருத்தின் விரிவே ஃபூரியர் உருமாற்றம். காலத்தோடு மாறும் ஒலி, மின்னழுத்தம் போன்றவற்றைச் சைகை என்பர். ஒரு சைகையில் எந்தெந்த அதிர்வெண்கள் எவ்வளவு வீச்சுடனும் எந்தக் கட்டத்துடனும் அடங்கியுள்ளன என்பதை உருமாற்றம் காட்டும். அவற்றை மீண்டும் ஒன்றுசேர்த்து முதற்சைகையைப் பெறுவது மீளுருமாற்றம்.

மூன்று பண்புகள்

முதலாவது, நேரியல் பண்பு. இரு சைகைகளைக் கூட்டியபின் உருமாற்றினாலும், தனித்தனியே உருமாற்றிக் கூட்டினாலும் விடை ஒன்றே.

இரண்டாவது, கால நகர்வுப் பண்பு. ஒரு மணியோசையின் பதிவைக் காலையில் ஒலிக்கச் செய்தாலும் மாலையில் ஒலிக்கச் செய்தாலும் அதிலுள்ள அதிர்வெண்களின் வீச்சுகள் மாறா. கட்டங்கள் மட்டுமே மாறும்.

மூன்றாவது, அளவுமாற்றப் பண்பு. ஒரு பாடற்பதிவை இருமடங்கு விரைவில் ஓடவிட்டால், ஒலிக்கும் நேரம் பாதியாகும், அதிர்வெண்கள் இருமடங்காகும். காலத்தில் சுருங்குவது அதிர்வெண்ணில் விரியும். காலத்தில் நீள்வது அதிர்வெண்ணில் குறுகும்.

இதயமும் இரைச்சலும்

இதயம் எழுப்பும் மின்னழுத்தம் மார்பின்மேல் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் அளவினதே. இதய மின்னலைப் பதிவில், சுற்றியுள்ள மின்கம்பிகளின் தாக்கமும் எளிதில் கலந்துவிடும். இந்தியாவில் மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்சு. பதிவை உருமாற்றினால், நேரியல் பண்பின்படி இதயச் சைகையும் இரைச்சலும் கூட்டலாகவே அமையும்; இரைச்சல் 50 ஹெர்ட்சில் கூர்முனையாகத் தனித்துத் தெரியும். அதனைக் குறைத்து மீளுருமாற்றம் செய்தால் பதிவு தெளிவடையும்.

ஆயினும், இங்கு எச்சரிக்கை வேண்டும். இதயக் கீழறைகளின் செயலைக் காட்டும் கூரிய அலை, நலமுள்ளவரிடம் ஏறத்தாழ 0.1 நொடிக்குள் முடிந்துவிடும். காலத்தில் குறுகிய அவ்வலை, அளவுமாற்றப் பண்பின்படி அதிர்வெண்ணில் பரந்து, 50 ஹெர்ட்சைக் கடந்தும் நிற்கிறது. எனவே, அகன்ற பட்டையை நீக்கினால் இரைச்சலோடு இதயத்தின் செய்தியும் மறையும். அலையின் உயரமும் வடிவமும் திரியும். மிகக் குறுகிய பட்டையை மட்டும் நீக்கினாலோ, வடிப்பானின் அதிர்வு காலத்தில் நீண்டு, கூரிய அலையைத் தொடர்ந்து பொய்யான சிற்றலைகளைத் தோற்றுவிக்கும். அவற்றை நோயின் அறிகுறி என மயங்கவும் கூடும்.

எவ்வளவு நீக்குவது என்பதை வடிவமைப்பாளர் இவ்விரண்டிற்கும் இடையே அளந்து முடிவு செய்கிறார். அம்முடிவின் நேர்மையை நம்பியே மருத்துவர் பதிவைப் படிக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. ஒரு பதிவை மூன்று மடங்கு விரைவில் ஓடவிட்டால் 200 ஹெர்ட்சு ஒலி என்னவாகும்? பண்பைச் சுட்டி விளக்குக.
2. இரைச்சலை முற்றிலும் நீக்குவது எப்போதும் நன்மையா? வகுப்பறையில் கலந்துரையாடுக.